ஓசூரில் பலூன் ஏறிய கப்பல் தபால்

கடலே இல்லாத ஓசூருக்குக் கப்பல் தபால் வருகிறது, அதுவும் பலூன் ஏறப்போகிறது என்று எங்கள் கம்பெனி சுந்தரம் சார் சொன்னபோது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தபால்தலை சேர்க்கும் கிறுக்கு உண்டு. ஒரு சரக்குக் கப்பலின் கடைசிப் பயணத்தின் நினைவாக அவருடைய கூட்டாளிகள் சிறப்புக் கவர் அச்சடித்து, கப்பல் ஊழியர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு விலாசம் எழுதலாம். கப்பல் முத்திரை குத்தி, சென்னையில் இறக்கி, ஓசூரில் பலூன் ஏற்றி, அது இறங்கும் ஊரின் தபால் முத்திரையையும் வாங்குவது திட்டம். ஏன் ஓசூர் என்று கேட்டேன். "காத்து நல்லாருக்கும்யா," என்றார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் போன காரணம் வேறு. ஒரு கவரில் என் மனைவி மாரிச்செல்வியின் பெயர் இருப்பதாக சார் சொன்னார். அனுப்பியவர் அந்தக் கப்பலில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன். வீட்டை எதிர்த்து என்னைக் கட்டிக்கொண்டு அவள் தூத்துக்குடியை விட்டு வந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக அவர் பேச்சே இல்லை. என்னைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் 'அந்த ஆளு'தான். பெயர் வாயில் வராது.

"திட்டி எழுதியிருந்தாலும் பரவால்லங்க. என்ன எழுதியிருக்கான்னு எனக்கு இன்னைக்கே தெரியணும்," என்றாள் செல்வி.

2008 தை மாதம், ஒரு சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மத்திகிரிப் பக்கத்து மைதானம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். குளிரில் பல் கிட்டியது. பனி விலகியதும் ஏழு மணிவாக்கில் பலூன் தபால் பையோடு கிளம்பியது. கெலமங்கலம் பக்கம் போகும் என்று ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள். அது தளிப் பக்கம் திரும்பிவிட்டது. வேனில் துரத்தினோம்.

"சார், ரோடு ஒரு பக்கம் போவுது, பலூனு ஒரு பக்கம் போவுது. நான் எதப் பாத்து ஓட்டறது?" என்றார் டிரைவர் நாகராஜ். இரண்டு தடவை கர்நாடகத்துக்குள் போய்த் திரும்பினோம் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

கடைசியில் அறுப்பு முடிந்த ஒரு ராகிக் காட்டில் பலூன் சாய்ந்து கிடந்தது. இப்போது புதுக் குழப்பம். இது எந்த மாநிலம்? எந்த ஊர் முத்திரை குத்துவது? சேகரிப்பாளர்கள் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். காட்டுக்காரர் முனியப்பா குறுக்கே வந்தார்.

"காடு கர்நாடகா, வூடு தமிழ்நாடுங்க. தபாலு எனக்குத் தளியிலருந்துதான் வருது."

தபால் எங்கிருந்து வருகிறதோ அதுதான் ஊர் என்று முடிவாகி, தளி தபாலாபீசுக்குப் போனோம். முத்திரை விழுந்ததும் சுந்தரம் சார் செல்வியின் கவரை அவள் கையில் கொடுத்தார். அவள் சட்டென்று ஓரத்தைக் கிழித்துவிட்டாள்.

"அய்யய்யோ, கிழிச்சிட்டியேம்மா! இதத் தொறக்கவே கூடாது. மதிப்பே போச்சு," என்று தலையில் கை வைத்தார் அவர்.

உள்ளே வெறும் வெள்ளை அட்டை. செல்வி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "என்ன சார், ஒண்ணுமே எழுதல?"

"கவர் மடங்காம இருக்க வெக்கிறதும்மா. இதுல யாரும் கடுதாசி எழுத மாட்டாங்க."

"அப்ப எதுக்கு சார் கப்பலு, பலூனு எல்லாம்?"

எனக்கு மச்சான் மேல் கோபம் கோபமாக வந்தது. நாலு வருஷம் பேசாத மனுஷன், வெற்று அட்டையை வானத்தில் ஏற்றி அனுப்புவானேன்? அவள் கண் கலங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது டவுன் பஸ். தளியிலிருந்து ஓசூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மத்திகிரி தாண்டும்போது செல்வி என் முழங்கையை இடித்தாள். கவரின் முன்பக்கத்தைக் காட்டினாள். மச்சானின் கையெழுத்து.

திருமதி மாரிச்செல்வி, க/பெ. கணேசன்.

"ஏங்க, உங்க பேர எழுதியிருக்கான்," என்றாள். கீழே எங்கள் கதவு இலக்கம்கூடச் சரியாக இருந்தது. அதை அவர், செல்வியோடு பேச்சு வைத்திருக்கும் என் மாமியாரிடம் கேட்டுத்தான் வாங்கியிருக்க முடியும்.

அது சமாதானமா, தபால்காரருக்காக எழுதிய வெறும் விலாசமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். செல்விக்கு இல்லை. இறங்கியதும் தூத்துக்குடிக்குப் பேச எஸ்.டி.டி. பூத் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி ஒரு பலூனைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். எல்லை ஓரத்தில் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். பலூன் எங்கே இறங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கவர் கைக்கு வந்தால் அவசரப்பட்டுக் கிழிக்காதீர்கள், முதலில் விலாசத்தைப் படியுங்கள்.