ஆடி கழியும்வரை பூசிய கிரீம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த நான், ஆறு வருடமாக ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறேன். பீடி சுற்றும்போது இருமலுக்கு மட்டும்தான் பயந்தேன். இங்கே எல்லாவற்றுக்கும் பயம். ஒரு பெண்ணின் முகத்தில் எதையாவது தடவிவிட்டால், அவள் வீட்டிலிருந்து போன் வந்துவிடுமோ என்று அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கடையில் ஃபவுண்டேஷன் இரண்டே நிறம். ஒன்று வெள்ளை, மற்றது கொஞ்சம் குறைந்த வெள்ளை. என் புறங்கையில் தடவினால் சாம்பல் அப்பினமாதிரி இருக்கும். "நம்ம நிறத்துக்கு வராதாக்கா?" என்று கடைக்கார அக்காவிடம் ஒருதரம் கேட்டேன்.

"வரும். வாங்கிவச்சா யாருட்டி போட்டுக்கிடுவா?" என்றார்.

ஒரு வைகாசியில் கல்யாணப் பெண் ஒருத்தி வருங்கால மாமியாரோடு வந்தாள். நல்ல கறுப்பு. ஒரு பரு கிடையாது முகத்தில். நிச்சயம் முடிந்திருந்தது.

"போட்டோல பாத்த கலர் நேர்ல இல்ல. கல்யாணத்துக்குள்ள ரெண்டு கலர் ஏத்தி விட்ருங்க. சொந்தக்காரங்க கேலி பேசுதாவ" என்றார் மாமியார்.

"நான் என்ன சுவரா அத்த, ரெண்டு கோட்டிங் அடிக்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமியார் சிரிக்கவில்லை.

பேர் ஒட்டாத வெள்ளைக் கிரீம் டப்பா ஒன்றை அக்கா எடுத்தார். நாற்பது நாள்தான் பூச வேண்டும், அதற்குமேல் கூடாது. அதைச் சொல்வது என் பொறுப்பு. சொன்னேன்.

ஆனியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் லீவு கிடைக்கவில்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணிக்குத் தள்ளிப்போனது. மாமியார் அடுத்த டப்பாவுக்கு வந்தபோது கடையில் நான் மட்டும் இருந்தேன்.

"நாப்பது நாள் ஆயிட்டே" என்றேன்.

"இப்பம் நிறுத்துனா ஆவணிக்குள்ள பழையபடி கறுத்திருவாளே!"

ஏன் கூடாது என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தேன். பிறகு மூன்றாவதையும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஃபேஷியலுக்காகக் கிரீமை நிறுத்தச் சொன்னோம். முகூர்த்தத்தன்று மண்டபத்து அறையில் அவள் முகத்தை மூடியிருந்த துண்டை எடுத்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று தோலுரிந்து கிடந்தன.

"எரியுதுக்கா. பைய போடுங்க."

பையத்தான் போட்டேன். கண்ணீர் இறங்கிய தடத்தில் மறுபடி மறுபடி ஃபவுண்டேஷனை ஒற்றினேன். மாமியார் எட்டிப் பார்த்தார். "இப்பம்தான் பொண்ணு மாதிரி இருக்கா."

புரட்டாசியில் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தனியாக வந்தாள்.

"பாளையங்கோட்டைல தோல் டாக்டர் இருக்காவ. டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டு தாயி" என்றேன். ஆடியிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

"அவிய நிறுத்தத்தான் சொல்லுவாவ. நிறுத்துனா நெருப்பா எரியுது, முந்திக்கும் மேல கறுக்குது. அடுத்த வாரம் எங்க வீட்டுக்காரவிய லீவு முடிஞ்சு வெளிநாட்டுக்குப் போயிருவாவ. அதுவரைக்கும் போதும்க்கா. ஒண்ணே ஒண்ணு."

அலமாரியைத் திறந்தேன்.

டப்பாவை வாங்கியவள் வீடு போகும்வரை பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, விரலால் வழித்துத் தடவினாள். குளிர்ந்திருக்க வேண்டும். அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.