டேப்பின் பத்துத் தவணைகள்

என் மனைவியின் தம்பிக்கு நான் ஒரு லட்சம் கடன்பட்டிருந்தேன். வருடத்துக்குப் பத்தாயிரம் வீதம் பத்து வருடத்தில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் முன்னுக்கு வந்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதில் இந்த ஒன்று மட்டும்தான் பொய்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மொட்டைமாடிக்குத் தார் பூசும் வேலையில் என் அளவுக்குப் பெயர் எடுத்தவன் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். ஒழுகுகிற மாடியில் ஒரு தடவை நடந்தால் போதும், ஓட்டை எங்கே என்று என் பாதமே சொல்லிவிடும். ஆனால் இது என் கதை இல்லை, என் மச்சினன் கதை.

அவனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பில் அளவு டேப்பு இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது. மாடியை அளப்பான், சுவரை அளப்பான், சாப்பாட்டுக் கடையில் முட்டி இடித்தால் மேசையையும் அளந்து முதலாளியிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவான். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மாடியை அளந்தவன்தான் உத்தரவாத அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும். ஐந்து வருடத்துக்குள் ஒழுகினால் அவன் தலைதான் உருளும். டேப்பு கையெழுத்துப் போட்ட மாடி ஒன்றுகூட ஒழுகியதில்லை.

தார் வேலைக்காரன் பாதத்தில் கறுப்பு இல்லாமல் இருக்குமா? வேலை முடிந்ததும் வரிசையாக உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்ப்போம். டேப்பின் இடது குதிகாலில் ஒரு பொட்டு மட்டும் போகவில்லை. ஒரு வருடம் விடாமல் தேய்த்தான். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய் என்று சிரித்தது நான்தான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஒருநாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு டேப்பை இழுத்துக் குதிகாலில் வைத்தான்.

"மாமா, கறைன்னா தேய்க்கத் தேய்க்கக் கொறையணும். இது போன மாசம் அளந்ததுக்கு இப்போ ரெண்டு மில்லி கூடியிருக்கு."

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் வெட்டிப் பார்த்து மெலனோமா என்றார்கள். தோலில் வருகிற புற்றுநோய். வெயில் படாத உள்ளங்காலிலும் வருமாம். தாரால் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, தாருக்குள் ஒளிந்துகொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார் டாக்டரம்மா. குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். இவனை மாதிரிப் பத்துப் பேரில் ஆறு பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

எனக்குக் காதில் விழுந்தது மற்ற நாலு பேர்தான். நேராகப் போய், அவன் கொடுத்த பணத்தில் வாங்கிய தார் உலையை விற்றேன். முழு லட்சத்தையும் துணிப்பையில் போட்டு அவன் கட்டிலில் வைத்தேன். காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருந்தவன் பையையும் என்னையும் பார்த்தான்.

"கணக்க முடிக்க வந்தீங்களா மாமா, இல்ல என்னை முடிக்க வந்தீங்களா?"

நான் பையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினேன்.

"எழுதினது பத்து வருஷம். இன்னிக்கே நான் வாங்கிட்டா, அதுவரைக்கும் இருக்க மாட்டேன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். இந்த வருஷத்துப் பத்தாயிரத்த மட்டும் எடுத்துவெச்சிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற என் மனைவி, தம்பிக்கு இருக்கிற மூளையில் காலே அரைக்கால் உங்களுக்கு இருந்திருக்கலாம் என்றாள். அன்றைக்கே போய், விற்ற உலையை மூவாயிரம் அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.

அதிலிருந்து வருடா வருடம் ஒரே நாளில் இரண்டு காரியம். டாக்டரம்மா அவன் உடம்பு முழுக்கப் பார்ப்பார், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்துவார், நோய் காலிலிருந்து பரவினால் முதலில் அங்கேதான் வருமாம். அப்புறம் வெளி வராந்தாவில் யார் காதிலும் விழாமல் நான் தவணையை எண்ணிக் கொடுப்பேன்.

டேப்பு வேலைக்குத் திரும்பினான், அளந்தான். ஆனால் அட்டையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். தான் இருப்போமா என்று தெரியாத வருடத்துக்குத் தான் எப்படி உத்தரவாதம் தருவது என்று கேட்டான். அதனால் நான் போட்டேன். என் கையெழுத்து மரவட்டை ஊர்ந்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில் அவன் நீண்ட காலத்துக்கான எதையும் வாங்கவில்லை. நாள்காட்டிகூட வேண்டாம், செல்போனில் இருக்கிறது என்பான்.

இரண்டாம் வருடப் பரிசோதனையில் டாக்டரம்மா, இனி வரும் ஐந்து வருடத்துக்கு ஏழு பேர் என்று கணக்கை ஏற்றினார். எனக்குப் பிடிபடவில்லை. எந்தச் சரக்கும் பழசானால் விலை இறங்கும், இவனுக்கு மட்டும் எப்படி ஏறுகிறது என்று கேட்டேன். பதில் சொன்னது டேப்பு.

"புது மாடி ஒழுகுறதுன்னா முதல் ரெண்டு மழையிலயே அனேகமா ஒழுகிடும் மாமா. அதத் தாங்கினத இனிமே புது மாடியோட சேத்து எண்ணக்கூடாது. அது வேற கணக்கு. ஆனா மழைக்கு முன்னாடி ஏறிப் பாக்குறத மட்டும் விடக்கூடாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மற்றவர்களுக்கும் இனி இப்படியே சொல்கிறேன் என்றார்.

நாலாம் வருடம் தொடை இடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் எடுத்து அனுப்பினார்கள், முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க என் மனைவி என்னோடு சண்டையே போடவில்லை. வீட்டு நிலைமையை அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். கடைசியில், புதுச் செருப்பு ஒட்டுத்தோலைக் கடித்ததால் கட்டிய நெறி என்று தெரிந்தது. டேப்பு அந்தச் செருப்பைக் குப்பையில் போடும் முன் அதையும் அளந்தான். அரை அங்குலம் சின்னது.

ஐந்தாம் வருடம் டாக்டரம்மா பத்துக்கு ஒன்பது என்றார். வராந்தாவில் தவணையை முடித்துக்கொண்டு நேரே ஒரு பள்ளிக்கூட மாடிக்கு வந்தோம். வேலை முடிந்து அட்டையை எடுத்தேன். டேப்பு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினான்.

"தள்ளுங்க மாமா. ஒழுகினா நானே வந்து பாத்துக்கறேன்."

ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். நான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் அவன் நாள்காட்டி ஒன்று வாங்கினான். பாதி வருடம் போய்விட்டதே, விலையில் பாதியைக் குறைக்கக் கூடாதா என்று கடைக்காரரிடம் பேரமும் பேசினான்.

அப்புறம் எங்கள் வேலையிடத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. மாதத்தின் முதல் நாள் பாதத்தை மண்ணெண்ணெயால் துடைத்துக் காட்டாமல் யாரும் மாடி ஏறக்கூடாது. டேப்பு ஒவ்வொரு பாதமாகக் குனிந்து பார்ப்பான். போகாத பொட்டை அளந்து எழுதிவைப்பான். முதலாளியான என் பாதத்துக்கும் விலக்கு இல்லை. என் காலைப் பார்க்கும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வான்.

இந்த வருடம் பத்தாவது தவணை. டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்ததும் உண்டு, அதனால் வருடம் ஒருமுறை வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார். மழைக்கு முன்னாடிதானே, வந்துடறேன் என்றான் டேப்பு.

வராந்தாவில் உட்கார்ந்தோம். இன்றைக்கு என்னிடம் நாலு உலை, முப்பது ஆள். யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கத் தேவையில்லாதவன் நான். அது அவனுக்கும் தெரியும்.

"மாமா, அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு லட்சம் கடன் வேணுமா?"

"பாக்கலாம். முதல்ல கைய நீட்டு மாப்ள."

நீட்டினான். நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க, ஒன்று, இரண்டு என்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டிரண்டாக அவன் உள்ளங்கையில் வைத்து, பத்து வரைக்கும் எண்ணினேன்.