ஆறு சிலிண்டரும் அண்ணனும்

எனக்கு வண்டிப் பைத்தியம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? அறுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் இருந்தது, பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்துவிட்டது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கும். மானகிரியிலிருந்து கடலை மூட்டை ஏற்றிக் கிளம்பினால், பாதி வழியில் மாட்டைக் கட்டித்தான் இழுத்து வரவேண்டும். ஊரே சிரித்தது.

அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவதேன். மறுபடி வழியில நின்னுச்சுன்னா அன்னைக்கே எடைக்குப் போட்ருவேன்."

மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே வகையில் வேறொரு ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடைத்தது. கொஞ்சம் பெரியது. வாங்கி அப்படியே மாட்டினால் என் மனசு ஆறுமா? காரைக்குடி லேத் பட்டறையில் கொடுத்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடியை அரை நூல் சீவி வாங்கினேன். வாய் அகலமான கார்புரேட்டர் ஒன்றும் போட்டேன். இழுவை கூடும் என்று கணக்கு. புளியமரக் கிளையில் சங்கிலி மாட்டிப் பழையதைத் தூக்கி, இதை இறக்கி முடித்த பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீவியது கூடிப்போயிருந்தால்? கேஸ்கெட் ஊதிக்கொண்டால்? எடைக்குப் போட்ட வண்டியை யார் திருப்பித் தருவார்கள்? தூக்கத்தில்கூட போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

புறப்படும் காலையில் ஆத்தா சூடம் காட்டினார். அண்ணன் தள்ளி நின்றார். சாமி என்றாலே கேலி பேசுகிற ஆள், நெற்றியில் திருநீறு வைத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்ததும் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"கெளம்பு. எங்க நிக்கிதுன்னு பாப்பம்."

நிற்கவில்லை. மூட்டைகளோடு இளையாத்தங்குடி ரோட்டு மேட்டில் சும்மா ஏறியது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, காது முழுக்க எஞ்சினிலேயே இருந்தது. அந்த டிக் டிக் என்ன, வால்வா? தண்ணீர் கொதிக்கிறதா? மேடு முடிகிற இடத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன்.

வேகம் குறையவில்லை.

ஐயோ! முன்னால் இறக்கம். ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி. நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க எஞ்சின் முட்டித் தள்ளியது. "டேய்! டேய்! நிறுத்துடா!" என்று அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கிளட்சை மிதிக்கக் கால் போனது. போன கால் அப்படியே நின்றது. பிறகுதான் கை சாவிக்குப் போய் எஞ்சினை அணைத்தது. வைக்கோலுக்கும் எங்களுக்கும் இரண்டு முழம் இருக்கும்போது பிக்கப் நின்றது.

இறங்கி பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்குப் போகிற ஆக்சிலேட்டர் கம்பியில், காசு முடிந்த மஞ்சள் துணி கட்டியிருந்தது. அந்த முடிச்சு போய் லிவரில் சிக்கி, கம்பியைத் திரும்ப விடாமல் பிடித்திருந்தது. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

"பாத்தீகளா! ஏ வேலையில ஒரு குத்தமும் இல்ல. நேந்துக்கிட்டுக் காசு கட்ட ஆத்தாவுக்கு வேற எடமே கெடைக்கலயா?"

அண்ணன் துணியைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"ஆத்தா இல்லடா. நாந்தேன்."

முடிச்சில் வைத்த கையை எடுத்தேன்.

"நேத்து கோவிலூர் போயி முடிஞ்சுட்டு வந்தேன். இம்புட்டு வேகம் போற எஞ்சின மாட்டுற, ஒனக்கு எதுவும் ஆயிறக் கூடாதேன்னுதேன். எங்க கட்டுறதுன்னு தெரியல. அந்தக் கம்பி கண்ணுல பட்டுச்சு. வண்டி இருக்கட்டும். நின்னது ஏங் குத்தந்தேன்."

முடிச்சை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். பிக்கப் எனக்குத் தங்கிவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிளட்சுக்குப் போன கால் ஏன் நின்றது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மிதித்திருந்தால் எஞ்சினின் தள்ளல் அப்போதே விட்டுப்போயிருக்கும், பிரேக்கும் பிடித்திருக்கும். ஆனால் இழுக்க எதுவும் இல்லாமல் வெறிபிடித்துச் சுற்றி எஞ்சின் உடைந்தாலும் உடைந்திருக்கும். அந்த ஒரு நொடி, பக்கத்தில் அண்ணன் அலறிக்கொண்டிருக்க, நான் எஞ்சினைத்தான் நினைத்தேன். இதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.