வேட்டியில் விழுந்த பிரான்ஸ்

எங்கள் தாத்தா பிரான்சில் இருக்கிறார் என்று நான்காம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நானாகக் கட்டிவிட்ட கதை இல்லை அது. வீட்டில் சொன்னதைத்தான் வெளியில் சொன்னேன். தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. முதல் உலகப்போர் சமயத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சமைத்துப்போடக் கப்பலேறியவர். அப்போது என் அப்பா வயிற்றில். அத்தைக்கு நான்கு வயது. அதன்பின் அவரும் வரவில்லை, அவர் செத்த செய்தியும் வரவில்லை. நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஐம்பது வருஷமாகத் திரும்பாத மனிதரை 'இருக்கிறார்' என்று சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் மற்றப் பிள்ளைகளின் தாத்தாக்கள் தறியில் உட்கார்ந்திருக்க, என் தாத்தா மட்டும் பிரான்சில் இருந்தது பெருமையாகவே இருந்தது.

பெருமை எனக்கு மட்டும்தான். வீட்டில் அது வருஷா வருஷம் சண்டை. எங்கள் பக்கத்தில் இறந்துபோனவர்களுக்கு ஆடி அமாவாசையன்று இலை போட்டு, புதுவேட்டி வைத்துப் படைப்பார்கள். தாத்தாவுக்கும் படைத்துவிடலாம் என்று அப்பா மெதுவாகப் பேச்செடுப்பார். அத்தை ஒரே கேள்வியில் அடக்கிவிடுவாள்.

"செத்ததைப் பாத்தவன் யாரு?"

தறிக்காரர்களை எல்லாம் அதட்டி வேலை வாங்கும் அப்பா, அக்காவின் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அத்தை. உயிரோடு இருப்பவருக்கு இலை போட்டால் அவர் ஆயுசை நாமே அறுத்த மாதிரி என்பது அவள் பயம். செத்திருந்தால் இத்தனை வருஷமாகப் பட்டினி கிடக்கிறாரே என்பது அப்பாவின் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒவ்வொரு ஆடி அமாவாசையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கழியும்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புதுச்சேரிக்காரர். பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்து, விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அத்தை அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த ஊருலதான் எங்கப்பா இருக்குறாரு. பாத்துட்டு வாப்பா."

ஏதோ அடுத்த தெருவில் இருப்பவரைச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் லீவில் வந்தார். எனக்கு ஒரு பொம்மையும், ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிப் படங்களும் கொண்டுவந்தார். படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும் மெஷினை ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இரவல் வாங்கினார்கள். பட்டப்பகலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, தறிக்கு முன்னால் அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். தெருவே வந்துவிட்டது. நாலு வீடு தள்ளி ஜரிகை வியாபாரம் பார்த்த பாய், அப்பாவுக்குப் பால்ய சிநேகிதர், அவரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

எல்லோரும் எதிர்பார்த்தது உயரமான கோபுரத்தையும் வெள்ளைக்காரப் பெண்களையும். வேட்டியில் விழுந்ததோ வயல். அடுத்ததும் வயல். அப்புறம் ஒரு ஓடை, அதன் கரையில் சாய்த்து வைத்த மாமாவின் சைக்கிள். அப்புறம் புல்வெளி நடுவே வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். அடுத்து வேறொரு கிராமம், அங்கேயும் அதே கற்கள். போரில் செத்த சிப்பாய்களுக்கு நட்ட கற்கள் என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவாராம். கல்லில் உள்ள பெயர்களை எல்லாம் படித்துப் பார்த்துவிட்டு, ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாராம். அங்கெல்லாம் பறவைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது என்றார்.

"சோத்தைக் கட்டிக்கினு சுடுகாட்டுக்குப் போறவன் உன் மாமன் ஒருத்தன்தாம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாய் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து வைத்து வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் கடைசிப் படத்தைப் போடும்முன் மாமா கொஞ்சம் தயங்கினார். பிறகு போட்டார். ஒரே ஒரு கல், அதன் அடியில் சிவப்புப் பூச்செடி. கல்லில் இங்கிலீஷ் எழுத்து.

"அக்கா, இதுதான்," என்றார் அத்தையிடம்.

அப்பா எழுந்துபோய் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். தாத்தாவின் பெயர். பட்டாளத்தில் பார்த்த சமையல் வேலை. செத்துப்போன மாசமும் வருஷமும். அங்கே விசாரித்ததில் ஊரும் தகப்பன் பெயரும் ஒத்துப்போயின என்று மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் கல்லைப் பார்க்கவில்லை. தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கல்லுக்கு வெகு பின்னால் தொப்பி போட்ட ஒரு கிழவர் முதுகைக் காட்டியபடி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. பெயர்ப்பலகை வைத்துத் தோட்டம் போட்டு வசதியாகத்தான் இருக்கிறார். திரும்பிப் பார்த்திருந்தால் முகமும் தெரிந்திருக்கும்.

அத்தையும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு தம்பி?"

"அதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்க அக்கா. தினமும் வர்றாரு."

"தினமுமா?"

"தினமும்தான்."

அத்தை சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள். அத்தனை பேர் கண்ணும் வெளிச்சத்தில் கூசியது. அப்பாவையும் அம்மாவையும் என்னையும் பார்த்து, போய்த் தலைமுழுகிவிட்டு வாருங்கள் என்றாள்.

தெருக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது. சுடுகாட்டைப் படத்தில் பார்த்தாலும் தீட்டா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். எனக்கோ ஆத்திரம். அன்று வெள்ளிக்கிழமை, காலையில்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். அதைவிட அநியாயம், சுடுகாடு சுடுகாடாகச் சுற்றிவிட்டு வந்த மாமாவை அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டு சாவகாசமாக நின்றிருந்தார். படம் பார்த்த பாவத்துக்கு நாங்கள் மட்டும் கிணற்றடியில் வரிசையாக நின்றோம். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

"படத்தைப் பாத்ததுக்கா அத்தை ரெண்டு தரம் குளிக்கணும்?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி கண்ணு. படத்தைப் பாத்ததுக்குத்தான்," என்று என் தலையில் தண்ணீரை ஊற்றினாள். நான் எதிர்பார்த்தபடி திட்டவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. எல்லோரும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாய் வந்தார். கூடவே சைவ ஓட்டல் பையன் ஒருவன் உயரமான எடுப்புச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாய் உள்ளே வரவில்லை. அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றார். போகும்போது அத்தையிடம், "ஒரு வாயாவது சாப்புடும்மா," என்றார்.

ஓட்டல் சாப்பாடு எங்கள் வீட்டில் எப்போதோ ஒருமுறை வருவது. அடுக்கைப் பிரிக்கப் பிரிக்கச் சாம்பார், கூட்டு, அப்பளம் என்று வந்துகொண்டே இருந்தது. மாமா சீமையிலிருந்து வந்ததற்குப் பாய் கொடுக்கும் விருந்து என்று எனக்கு விளங்கிவிட்டது. பெரியவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஏன் என்றுதான் விளங்கவில்லை. அவர்கள் பங்கு அப்பளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தை எனக்கு மறுசோறு போட்டாள். நான் மறுபடியும் சாம்பார் கேட்டேன், ஊற்றினாள். தாத்தா வீட்டுத் தோட்டம் நன்றாக இருந்தது என்று வாய் நிறையச் சோற்றோடு சொன்னேன். அம்மா என் முதுகைத் தடவினாள்.

அந்தக் கிழவர் திரும்பியிருந்தால் என் ஜாடைதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இலையை வழித்து நக்கினேன். எங்கள் வீட்டில் அன்றுதான் சாவு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.