ஐந்து துளைகள்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது எனக்கு. வேலை போனதும் எனக்குத்தான். 1968, டிசம்பர் 11, புதன்கிழமை.

என் பெயர் ஜெகநாதன். போர்ட் பிளேரில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். கைவேகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் உண்டு. செய்தியை முதலில் காகித நாடாவில் துளைகளாக அடிப்போம். நாடாவை மெஷினில் ஓட்டினால் மறுமுனையில் எழுத்தாக அச்சாகும். தப்பு விழுந்தால் நாடாவைப் பின்னால் தள்ளி, அழிப்புச் சாவியை அழுத்த வேண்டும். அந்த எழுத்தின் மேல் ஐந்து துளையும் விழும். ஐந்து துளை விழுந்த இடத்தில் மெஷின் எதையும் அடிக்காது. மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாக அழிப்பார்கள். நான் சாவியை அமுக்கிப் பிடித்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவேன்.

இன்னும் இரண்டு சாவிகள் உண்டு. மணிச் சாவியைத் தட்டினால் மறுமுனையில் மணி அடிக்கும். 'யார் நீ' சாவியைத் தட்டினால், அங்கே ஆளே இல்லாவிட்டாலும் அந்த மெஷின் தன் குறியீட்டைத் தானாக அனுப்பும். ஒரு குறியீடு ஒரு மெஷினுக்குத்தான்.

சரியாக ஒரு வருடம் முன்பு, அதே தேதியில், வடக்கே ஒரு சின்னத் தீவில் இருந்த ஆபரேட்டர் சிலுவைராஜுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'மெஷினைப் பழுதுபார்க்கப் படகில் கொண்டு வரவும். இன்று வேண்டாம், புயல் எச்சரிக்கை.' அதற்குக் கீழே ஒரு வரி தப்பாக விழுந்தது. நாடாவை இழுத்தேன். சாவியை அமுக்கினேன். தப்பு வரியோடு எச்சரிக்கை வரியும் போனது.

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். படகு அப்போது கரையில்தான் நின்றிருக்கும். ஒரு திருத்தச் செய்தி போதும். அனுப்பினால் எனக்கு மெமோ வரும், வேகக்காரன் என்ற பெயர் போகும். அனுப்பவில்லை.

படகு வந்து சேரவில்லை. சிலுவைராஜும் படகுக்காரரும் மெஷினோடு கடலுக்குள் போனார்கள். நான் பழைய நாடாவை அடுப்பில் போட்டேன். எச்சரிக்கை வரியோடு புது நாடா அடித்து விசாரணையில் கொடுத்தேன். எச்சரிக்கையை மீறிக் கிளம்பினான் என்று செத்துப்போன சிலுவைராஜ்மேல் பழி விழுந்தது.

அவன் மனைவி அமுதம் ஆபீசுக்கே வந்தாள்.

"காகிதத்துல இருக்கிறத மீறி அவரு ஒரு அடி வைக்க மாட்டாரு சார். நல்லாப் பாருங்க."

"பார்த்தாச்சும்மா. போங்க."

பிறகு ஒருநாள் ஜங்லிகாட் கடைவீதியில் படகுக்காரரின் ஆட்கள் அவளை மறித்து, "கொலைகாரன் பெண்டாட்டி" என்று ஏசினார்கள். பக்கத்தில்தான் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சரி. அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

மாலை 5.04. டிசம்பரில் அந்தமானில் அந்நேரமே இருட்டிவிடும். மெக்கானிக் உதயசூரியன் எழுந்தான்.

"சாய் குடிச்சிட்டு வரேன் சாப்."

"ஜல்தி வா."

5.11. மெஷினில் மணி.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்... கொஞ்சம் இடைவெளி. ட்ரிங்.

மூன்றும் ஒன்றும். அப்படி மணி அடிப்பவன் ஒருவன்தான் இருந்தான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. 'யார் நீ' சாவியைத் தட்டினேன்.

டக் டக் டக்... குறியீடு விழுந்தது.

கடலுக்குள் போன மெஷினின் குறியீடு.

மறுபடி தட்டினேன்.

அதே குறியீடு. அதன் கீழே, ஆங்கில எழுத்தில், தமிழ்...

'அண்ணே. அந்த வரி.'

சிலுவைராஜ் என்னை அண்ணே என்றுதான் அழைப்பான்.

சுவிட்சை அணைத்தேன். மெஷின் நிற்கவில்லை.

5.19. துளை போடும் மெஷின் தானாக ஓடியது. சாவிகள் அசையவில்லை. நாடா மட்டும் வந்துகொண்டே இருந்தது...

ஈரமாக.

உப்பு வாடை.

5.22. அந்த நாடா, அனுப்பும் பெட்டிக்குள் தானே நுழைந்தது...

மணி அடித்தது. மூன்று...

ஒன்றுக்கு நான் காத்திருக்கவில்லை. ஓடினேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னால் காகிதங்கள் கிடந்தன. சென்னை, கல்கத்தா, எல்லாத் தீவுகள். ஒரே செய்தி. 5.22க்கு வந்தது.

'கடந்த ஆண்டு டிசம்பர் 11 செய்திக்குத் திருத்தம். விடுபட்ட வரி: இன்று வேண்டாம், புயல் எச்சரிக்கை. அழித்தவர் ஜெகநாதன்.'

கடைசியில், அனுப்பிய ஆபரேட்டரின் அடையாள எழுத்து. என்னுடையது.

"நீங்கதானே அனுப்பினீங்க?" என்றார்.

ஒரு வருடம் தாமதமாக, ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அன்றே வேலை போனது. சிலுவைராஜ்மேல் இருந்த பழி நீங்கியது. அந்த உத்தரவை அமுதம் ஜங்லிகாட் கடைவீதியில் நின்று உரக்கப் படித்தாளாம்.

நான் கப்பலேறுவதற்கு முந்தின நாள் உதயசூரியன் வீட்டுக்கு வந்தான். மெஷினில் மாட்டியிருந்த நாடாவைக் கொண்டுவந்திருந்தான். இன்னும் ஈரம் காயவில்லை.

"சாப், இந்த நாடாவா எல்லா ஊருக்கும் போச்சு?"

"ஆமா. ஏன்?"

அவன் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

முதலிலிருந்து கடைசிவரை... ஐந்து துளைகள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.