அடுத்த பக்கம் எது?

வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களின் பிழைப்பில் பாதி, பட்டனை அமுக்கினால் அடுத்து எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற தகராறிலேயே போய்விடும், பட்டவர்களுக்குத் தெரியும். ஓமலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நான் மூன்று வருடம் பட்டேன். இப்போது நினைத்தால், அங்கேயே இருந்திருக்கலாம் போலிருக்கிறது.

ஒரே லோடு

எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுத்தது நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். முட்டை, தீவனம், ஜல்லி என்று ஒவ்வொரு லோடுக்கும் தனிப் பக்கம் எழுதினேன். சேவ் ஆனதும் எங்கே போவது என்பதையும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டேன். பிறகு அந்த ஆபீஸ் முதலாளி, சேவ் ஆனதும் நேராக டிரைவரை ஒதுக்கும் பக்கம் வரட்டும் என்றார். ஒவ்வொன்றாக மாற்றினேன். அந்தப் பக்கம் வந்தால்தான் பதிவானதாக அர்த்தம் என்று, அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் சரஸ்வதியக்காவிடமும் சொல்லிவைத்தேன்.

முட்டைப் பக்கத்தை மட்டும் மறந்துவிட்டேன். அக்கா சேவ் செய்ததும் பழையபடி வெற்றுப் படிவமே வந்தது. பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடியும் அடித்தார்; பதிவில் ஏறிய இரண்டு லோடுக்கும் ஆபீஸில் டிரைவரை ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் மல்லசமுத்திரத்துக் கோழிப்பண்ணையில் இரண்டு லாரிகள் போய் நின்றன. இரண்டாவது டிரைவர் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இருக்கறது ஒரு லோடு. நான் எதுக்குங்க, பேச்சுத் தொணைக்கா?"

சரஸ்வதியக்கா

முதலாளி அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்டதும், போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கம்பெனி பேர் கெடும், பேசாமல் இரு என்றார் எங்கள் மேனேஜர். லீவு போட்டுவிட்டு நாமக்கல் போய், தப்பு என்னுடையதுதான் என்று முதலாளிக்குக் கம்ப்யூட்டரிலேயே காட்டினேன். அதைப் பார்த்ததும் அவரே அக்காவுக்குப் போன் போட்டார். வந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "எம்மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் சாமி. ஊட்டுல சொன்னா நம்பத்தான் ஆளில்ல."

பூங்கொடி

என் பக்கத்து நாற்காலிக்காரி பூங்கொடி, ராசிபுரத்துப் பெண். பக்கத்தின் வேலை காட்டுவது மட்டும், எங்கே போவது என்பதைத் தனியாக ஒரே கோப்பில் எழுதிவிடலாம் என்றாள். ஓடுகிறதை எதற்குத் தொடுகிறீர்கள் என்றார் மேனேஜர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்களாகவே வந்தோம். பழைய காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பி, பக்கங்களின் பேரை எழுதி அம்புக்குறி போட்டோம். ஒரு பேருக்கு எந்த அம்பும் வரவில்லை. பூங்கொடி அதில் விரலை வைத்தாள். "இங்க வர்றதுக்கு ஒரு வழியும் இல்ல. இதை யாருக்காக எழுதுன?"

நாலு வரி

அடுத்த வருடம் நாமக்கல் முதலாளியின் மருமகள் பொறுப்புக்கு வந்தார். முதலில் டிரைவர், அப்புறம்தான் லோடு, எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள் என்றார். முன்பென்றால் ஒரு வாரம் தூக்கம் போயிருக்கும். அவருக்கு டீ வருவதற்குள், அந்த ஒரே கோப்பில் நாலு வரியை மாற்றி ஓட்டிக் காட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம். "இவ்வளவுதானுங்களா? அப்ப இத்தன நாளா என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

நாம் செய்த வேலை ஒருவர் கண்ணிலும் படாமல் போவதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாராட்டு என்றால், அந்த மூன்று வருடத்தில் நான் வாங்கிய பாராட்டுக்குக் குறைச்சலே இல்லை.