குருகு நின்ற ஐந்து நிமிஷம்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தவளை எல்லோரும் லேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டருக்கும் அவள் அக்காதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், ஆயிரம் அணுக்களுக்கு நடுவே கோணலாகக் கிடக்கும் ஒன்றைப் பிடித்துவிடுவாள்.

ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வைத்துச் சுற்றும் எந்திரம் நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் ஜன்னல் வழியே பார்க்கப் போய்த்தான் அவளுக்குப் பறவைப் பித்து பிடித்தது. எதிர்க் கட்டிடத்துப் புகைபோக்கியில் ஒரு வல்லூறு உட்கார்ந்து புறாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கூட வேலை செய்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றாள்.

பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. பழைய பைனாகுலர் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வகைப் பறவைகள். பஸ் ஓட்டும் அவள் கணவர், "ஒண்ணு பறக்குது, இல்லன்னா உக்காந்திருக்கு. அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்பார். கேட்டுக்கொண்டே அவள் பையில் டீ பிளாஸ்க்கை வைத்தும் விடுவார்.

அவர்கள் வீட்டு மேல்மாடிக்கு, பேங்க்கில் வேலை பார்த்ததால் எல்லோரும் பேங்க்காரி என்று கூப்பிட்டவள் குடிவந்தது மூன்று வருஷத்துக்கு முன். அவளுக்குக் காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. "அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று ஒட்டிக்கொண்டாள். கூட்டிப் போனாள். எந்தக் குரல் எது, வாலை எப்படிப் பார்ப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே நிற்பது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். அவ்வளவும் மனசாரத்தான் செய்தாள்.

மூன்றே வருஷத்தில் பேங்க்காரியின் கணக்கு இருநூற்று ஒன்பதுக்கு வந்தது. அவள் கணவர் நீளக் குழாய் வைத்த கேமரா வாங்கிக் கொடுத்தார். அவள் எடுத்த மீன்கொத்திப் படம் பறவைச் சங்கத்து இதழின் அட்டையில் வந்தது. இந்தக் குளிர்காலக் கணக்கெடுப்புக்குத் தலைமை யார் என்று பேச்சு வந்தபோது, சங்கத்தில் எல்லாக் கைகளும் அவளைத்தான் காட்டின. லேப் அக்காவும் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தோள்வரை எரிந்தது.

கணக்கெடுப்பன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பேங்க்காரியின் காரில் ஏரிக்குப் போனார்கள். நாணலை ஒட்டிய பலகைக் கொட்டகையில் இருவர் மட்டும். குளிரில் விரல் மடங்கவில்லை. நாமக்கோழிகளை எண்ணி முடித்தார்கள். முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்து எண்ணிக்கையைக் குழப்பின. "நாலா அக்கா, அஞ்சா?" என்று பேங்க்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கூட அக்காவுக்கு உறுத்தியது.

"பேட்டரி தீர்ந்துடுச்சு. கார்ல இன்னொண்ணு இருக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று பேங்க்காரி குடையோடு இறங்கினாள்.

அவள் தலை மறைந்த கையோடு, இருபதடி தூரத்தில் நாணல் காற்றில் ஆடியது. அதில் ஒரு தண்டு மட்டும் கொஞ்சம் தடியாக இருந்தது. அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி, கழுத்துக் கோடுகளை நாணல் தண்டுகளோடு சேர்த்துவைத்து, காற்றுக்குத் தகுந்தபடி தானும் ஆடிக்கொண்டு நின்றது பெரிய பழுப்புக் குருகு. பதினான்கு குளிர்காலம் அவள் தேடிய பறவை. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்து வந்த நினைப்பு இதுதான்: நல்ல வேளை, அவள் இங்கே இல்லை.

பேங்க்காரி நனைந்துபோய்த் திரும்பினாள். "ஏதாவது வந்துச்சா அக்கா?"

குருகு அங்கேயேதான் நின்றது. லேப் அக்கா எதிர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "அதோ, அந்தக் கரையில ஒரு பருந்து சுத்துது பாரு."

பருந்து சுற்றியது என்னவோ உண்மைதான். பேங்க்காரி திரும்பி நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிஷம். பிறகு குருகு ஒரு காலைத் தூக்கி வைத்தது, இன்னொரு காலைத் தூக்கி வைத்தது, நாணலுக்குள் போய்விட்டது.

பட்டியல் எழுதும்போதுதான் லேப் அக்கா வாயைத் திறந்தாள். "குருகு ஒண்ணு போட்டுக்கோ. நீ கார்கிட்ட இருந்தப்போ வந்துச்சு. உடனே போயிடுச்சு."

பேங்க்காரி பேனாவைப் போட்டுவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பதினாலு வருஷம் அக்கா. கடைசியில கிடைச்சிடுச்சா?" அவள் முகத்தில் துளி ஏக்கம்கூட இல்லை. அது இருந்திருந்தால் லேப் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சங்கத்துச் செயலாளர் இழுத்தார். அபூர்வப் பறவை, படம் இல்லை, ஒரே சாட்சி. "அவங்க கண்ணு பொய் சொல்லாது. தலைவியா நான் கையெழுத்துப் போடறேன்" என்று பேங்க்காரி எல்லோர் முன்னாலும் சொன்னாள். லேப் அக்காவுக்கு விட்டுக்கொடுப்பதிலும் இவளே ஒரு படி மேலே நிற்கிறாளே என்றிருந்தது.

ஒரு நாள் தாங்கினாள். மறுநாள் சாயங்காலம் மாடியேறினாள்.

"நீ வந்தப்புறமும் அது அங்கதான் நின்னுச்சு. நான்தான் உன்னைத் திருப்பிவிட்டேன்."

பேங்க்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது நின்றது. "எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஏன் அக்கா?"

"பொறுக்கல. எல்லாம் உனக்கே கிடைக்குதுன்னு."

"என்கிட்ட இருக்கறதெல்லாம் நீங்க கொடுத்ததுதானே" என்றாள் பேங்க்காரி. கோபமாகத்தான் சொன்னாள். பிறகு, "இப்போ போங்க அக்கா. கொஞ்ச நாள் என்கிட்டப் பேசாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நாள் என்பது ஏழு வாரம் ஆனது. ஞாயிறுதோறும் அவள் கார் தனியே கிளம்பிப் போவதை லேப் அக்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். பட்டியலிலிருந்து குருகைப் பேங்க்காரி அடிக்கவில்லை. எட்டாவது வாரம் கீழேயிருந்து ஹார்ன் அடித்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் அதன்பின் பேங்க்காரி எதையாவது கண்டால், முதலில் தான் ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான், "அக்கா, அதோ" என்பாள். அந்தத் தாமதத்தை லேப் அக்கா ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், சுற்றும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது போன் வந்தது.

"அக்கா, குருகு. நான் தனியா இருக்கேன். பத்தடியில நிக்குது."

"அசையாம நில்லு. மூச்சைக்கூட மெதுவா விடு" என்றாள் லேப் அக்கா.

படம் சாயங்காலம் வந்தது. குருகின் மஞ்சள் கண், அலகில் தொங்கும் மழைத்துளி, எல்லாம் தெரிந்தது. ரொம்ப சந்தோஷம் என்று எழுதி அனுப்பினாள். உண்மையாகவே சந்தோஷம்தான். தனக்கு இருபதடியில் நின்றது அவளுக்குப் பத்தடியில் நின்றது என்பதுதான் ராப்பகலாக மனசில் கிடந்து அரித்தது.